கைவிளக்கும் கணக்கேடும்

(பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்க்கை)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. புள்ளியியல்

கைவிளக்கேந்திய காரிகை என்று சிறு வயது முதல் நாம் படித்துவரும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், நோயாளிகளுக்குத் தொண்டு செய்த செவிலியர் என்ற அளவிலேயே நம்மில் பலருக்கு அறிமுகமானவர். போர்க்கால மருத்துவமனையில் அவர் தொண்டாற்றிய காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. அதன் பின்னர் பல்லாண்டுகள் அவர் ஆற்றிய பணி பெரும்பாலும் அட்டவணைகளோடும் எண்களோடும் நடந்த பணியாகும். ஒன்றோடொன்று முரண்பட்ட ஏடுகளிலிருந்து உண்மையை எப்படிப் பிரித்தெடுத்தார், எந்த எண்ணை எந்த எண்ணால் வகுக்க வேண்டும் என்பதை எவ்வாறு கண்டார், அதனால் விளைந்த நன்மை யாது என்பவற்றைப் புள்ளியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றேன்.

இளமையும் கல்வியும்

1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் அம்மையார் பிறந்தார். செல்வம் மிக்க ஆங்கிலேயரான பெற்றோர் அப்போது ஐரோப்பாவில் நெடும்பயணம் மேற்கொண்டிருந்தனர். பிறந்த ஊரின் பெயரையே மகளுக்குச் சூட்டினர். முன்னதாக நேப்பிள்ஸ் நகரில் பிறந்த மூத்த மகளுக்கு அந்நகரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப் என்பதைச் சூட்டியிருந்தனர்.

தந்தை வில்லியம் எட்வர்டு நைட்டிங்கேல் நன்கு கற்றவர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் மூடிக் கிடந்த அக்காலத்தில், தம் இரு மகளிருக்கும் தாமே ஆசிரியராக இருந்து கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி ஆகிய மொழிகளையும், வரலாற்றையும், தத்துவத்தையும் கற்பித்தார். இளைய மகளுக்கோ கணக்கின் மீது தீராத வேட்கை. கணக்குப் படித்து ஒரு பெண் என்ன செய்யப் போகிறாள் என்பது அன்னையின் கவலை. நெடுநாள் வாதாடிய பிறகே கணக்கு கற்க அவருக்கு வாய்ப்புக் கிட்டியது.

பதினாறு வயதில், 1837-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இறைவன் தம்மை ஒரு தொண்டுக்கு அழைப்பதாக அவர் உணர்ந்தார். அத்தொண்டு நோயாளிகளைப் பேணுவதே எனப் பின்னர் தெளிந்தார். அந்நாளில் செவிலியர் தொழில் மதிப்பற்ற தொழில். குடும்பத்தார் உறுதியாக எதிர்த்தனர். எதிர்ப்புக்கிடையே அவர் விடியற்காலையில் எழுந்து, மருத்துவமனை அறிக்கைகளையும் அரசின் சுகாதார அறிக்கைகளையும் வரவழைத்துப் படித்துக் குறிப்பெடுத்து வந்தார். 1851-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் மூன்று திங்கள் பயிற்சி பெற்றார். 1853-ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் மேற்பார்வையாளரானார்.

போர் அழைத்தது

1853-ஆம் ஆண்டு இரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போர் மூண்டது. 1854 மார்ச்சில் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியின் பக்கம் சேர்ந்தன. இதுவே கிரிமியப் போர். காயமுற்ற வீரர்கள் கவனிப்பாரின்றிக் கிடக்கும் செய்தி இலண்டன் நாளேடுகளில் வெளிவந்ததும் நாடே கொதித்தது. படைத்துறைச் செயலாளராக இருந்த சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரின் நண்பர். அவருடைய வேண்டுகோளை ஏற்று, 38 செவிலியருடன் புறப்பட்ட அம்மையார், 1854 நவம்பர் 4-ஆம் நாள் ஸ்குட்டாரி சென்றடைந்தார். இஸ்தான்புல் நகரின் ஆசியக் கரையில் உள்ள இவ்விடத்தில் ஒரு பெரிய படைவீடு மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது.

அங்கே அவர் கண்ட காட்சி கல்லையும் உருக்கும். நெரிசலான கூடங்கள், காற்று நுழைய வழியில்லை, கட்டிலும் போர்வையும் போதவில்லை. கட்டடத்தின் அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டு நாற்றம் மேலே எழுந்தது. அம்மையார் சமையற்கூடம் அமைத்தார், சலவைக்கு ஏற்பாடு செய்தார், துணிமணிகள் வாங்கினார், இரவில் விளக்கேந்திப் படுக்கை படுக்கையாகச் சென்றார். வீரர்கள் அவரைத் தெய்வமாகவே போற்றினர்.

ஆயினும் சாவு குறையவில்லை, கூடிற்று. கிழக்குப் போர்முனையில் இருந்த பிரிட்டிஷ் படை முழுவதிலும், தடுக்கக்கூடிய நோய்களால் மாண்டவர் 1854 நவம்பரில் 844 பேர். டிசம்பரில் 1,725 பேர். 1855 ஜனவரியில் 2,761 பேர். அந்த ஜனவரியில் காயத்தால் இறந்தவரோ 83 பேர் மட்டுமே. எதிரியின் குண்டைவிடப் பேதியும், காலராவும், காய்ச்சலும் முப்பது மடங்குக்கு மேல் உயிர் குடித்தன என்பது இதனால் விளங்கும்.

1855 மார்ச்சில் அரசு அனுப்பிய சுகாதாரக் குழுவினர் ஸ்குட்டாரி வந்தனர். மருத்துவர் ஜான் சதர்லாந்தும் பொறியாளர் இராபர்ட் ராலின்சனும் அக்குழுவில் இருந்தனர். கழிவுநீர்க் கால்வாய்களைத் தூர் வாரினர். குவிந்திருந்த குப்பையையும் செத்த விலங்குகளையும் அகற்றினர். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். காற்றோட்டத்துக்கு வழி செய்தனர். ஸ்குட்டாரியில் பிப்ரவரியில் மருத்துவம் பெற்றோரில் ஆயிரத்துக்கு 427 ஆக இருந்த இறப்பு, ஜூன் மாதத்தில் 22 ஆகச் சரிந்தது.

மூன்று ஏடுகள், மூன்று விடைகள்

1856 ஆகஸ்டில் அம்மையார் தாயகம் திரும்பினார். வரவேற்பு விழாக்களைத் தவிர்ப்பதற்காக வேறு பெயரில் பயணம் செய்து அமைதியாக வீடு வந்து சேர்ந்தார். அவர் மனத்தில் ஒரே கேள்வி நின்றது. இத்தனை பேர் ஏன் இறந்தனர்? இதற்கு விடை காணாவிடில் அடுத்த போரிலும் இதுவே நடக்கும்.

விடை காண வேண்டுமாயின் முதலில் எத்தனை பேர் இறந்தனர் என்று தெரிய வேண்டும். அங்கேதான் தடை எழுந்தது. ஸ்குட்டாரியில் இறப்பைக் குறிக்க மூன்று ஏடுகள் இருந்தன. ஒன்று, புதைக்கப்பட்டோரின் அன்றாடப் பட்டியல். மற்றொன்று, மருத்துவ அதிகாரிகள் அனுப்பிய கணக்கு. மூன்றாவது, படை அலுவலக அறையில் எழுதப்பட்ட கணக்கு. மூன்றும் மூன்று விதமான தொகைகளைக் காட்டின. மருத்துவர் கணக்கில் பெயரே இடம்பெறாத நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருந்தனர்.

இந்நிலையில் கணக்கு தெரியாதவர் மூன்றையும் கூட்டுவார், அல்லது மூன்றின் சராசரியை எடுப்பார். இரண்டுமே பிழை. கூட்டினால் ஒரே மனிதர் மூன்று முறை இறந்தவராவார். சராசரி எடுத்தாலோ மூன்று தவறுகளின் நடுப்புள்ளிதான் கிடைக்கும். அம்மையார் வேறு வழியை மேற்கொண்டார். ஒவ்வோர் ஏட்டையும் யார் எழுதினார், எதற்காக எழுதினார், எப்போது எழுதினார் என்று ஆராய்ந்தார். புதைத்தோர் பட்டியலில் உயிரோடிருப்பவர் பெயர் ஏற வழியில்லை, விடுபட்டவர் இருக்கலாம். ஆகவே அது இறப்பின் குறைந்த அளவைக் காட்டும். மருத்துவர் கணக்கு அதற்கும் கீழே நிற்குமானால் குறை மருத்துவர் கணக்கில்தான் என்பது வெளிப்படை. இவ்வாறு ஏட்டுக்கு ஏடு உள்ள உறவை அறிந்த பின்னரே எண்ணை நம்ப வேண்டும் என்பது அவருடைய நெறி.

வில்லியம் பார் என்னும் துணைவர்

1856-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அம்மையார் வில்லியம் பார் என்னும் அறிஞரைச் சந்தித்தார். இவர் இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவுத் தலைமை அலுவலகத்தில் புள்ளிவிவரங்களைத் தொகுத்து வந்தவர். பண்ணைக் கூலியாளின் மகனாகப் பிறந்து, கல்வியால் உயர்ந்தவர். முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறியிருக்கும் என் போன்றோர் இவர் வரலாற்றையும் தனியே படிக்க வேண்டும். செல்வர் மகளும் கூலியாளின் மகனும் ஒரே மேசையில் அமர்ந்து, இறந்த எளிய வீரர்களுக்காகக் கணக்கெழுதினர்.

இறந்தோர் தொகை மட்டும் எதையும் சொல்லாது என்பதே பார் வற்புறுத்திய முதல் பாடம். நூறு பேர் இறந்தனர் என்றால், எத்தனை பேரில், எத்தனை காலத்தில் என்று கேட்க வேண்டும். 1855 ஜனவரிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நோயால் 2,761, காயத்தால் 83, பிற காரணங்களால் 324. ஆக இறந்தோர் 3,168 பேர். அம்மாதப் படையின் சராசரி எண்ணிக்கை 32,393. வகுத்தால், ஒரு மாதத்தில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 98 பேர். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டு வீதம் ஆயிரத்துக்கு 1,174.

ஆயிரம் பேரில் ஆயிரத்து நூற்று எழுபத்து நான்கு பேர் எப்படி இறக்க முடியும் என்று வினவத் தோன்றும். கணக்கில் பிழையில்லை. அதே வேகத்தில் சாவு தொடர்ந்து, புதிய வீரர்களும் வந்து சேராதிருந்தால், படை முழுவதும் பத்து மாதங்களில் அழிந்துபோகும் என்பதே அதன் பொருள். காலத்தையும் ஆள்தொகையையும் ஒருசேரக் கணக்கில் கொள்ளாமல் இந்த உண்மை வெளிப்பட்டிராது.

ஒப்பிடத் தக்கதோடு ஒப்பிடுக

போர்க்காலத்தில் சாவு இயல்பு என்று படைத் தலைவர்கள் சமாதானம் கூறலாம். எனவே அம்மையார் அமைதிக் காலத்துக் கணக்கையும் எடுத்தார். தாயகத்திலேயே படைவீடுகளில் வாழ்ந்த வீரர்களின் இறப்பு, ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 17 முதல் 20 வரை இருந்தது. இங்கிலாந்து மக்கள் அனைவரின் இறப்பு வீதமோ ஏறத்தாழ 22. இவ்விரண்டையும் அப்படியே அருகருகே வைத்தால் வீரர்கள் நலமாக வாழ்கிறார்கள் என்றே தோன்றும்.

இத்தோற்றம் பொய். மக்கள் அனைவர் என்னும்போது பச்சிளங் குழந்தைகளும் முதியோரும் அதில் அடங்குவர். வீரர்களோ மருத்துவச் சோதனையில் தேறிய இளைஞர்கள். ஆகவே பாரும் அம்மையாரும் வயதுக்கு வயது பொருத்தி ஒப்பிட்டனர். 20 முதல் 25 வயது வரையுள்ள ஆடவரில் பொதுமக்களின் இறப்பு ஆயிரத்துக்கு 8.4, வீரர்களின் இறப்பு 17. 25 முதல் 30 வரை, 9.2-க்கு 18.3. 30 முதல் 35 வரை, 10.2-க்கு 18.4. 35 முதல் 40 வரை, 11.6-க்கு 19.3. பொறுக்கி எடுத்த திடகாத்திரமான இளைஞர்கள், ஒரு குண்டும் வெடிக்காத காலத்தில், ஏனையோரைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு மாண்டனர். நெரிசலான, காற்றோட்டமற்ற, தூய்மை கெட்ட படைவீடுகளே அதற்குக் காரணமெனக் காட்டினார். இதற்கு மறுமொழி கூறப் படைத்துறையில் எவராலும் இயலவில்லை.

வண்ணம் பேசிய வட்டம்

அட்டவணை எத்துணைத் தெளிவாயினும் அமைச்சர்கள் படிக்கமாட்டார்கள் என்பதை அம்மையார் அறிந்திருந்தார். எனவே எண்களைப் படமாக வரைந்தார். வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் நோயால் இறந்தோரை நீல நிறத்திலும், காயத்தால் இறந்தோரைச் சிவப்பிலும், பிற காரணங்களால் இறந்தோரைக் கறுப்பிலும் காட்டினார். பார்த்த அளவிலேயே நீலம் கண்ணை நிறைக்கும். சிவப்பு ஒரு கீற்றாகத் தெரியும்.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. முன்னர் வரைந்த படத்தில் நடுப்புள்ளியிலிருந்து செல்லும் தொலைவே இறப்பு வீதத்தைக் குறித்தது. தொலைவு இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். காண்பவர் கண் பரப்பையே பார்க்கும். ஆகவே உண்மை மிகைப்படும். இதை உணர்ந்து, 1858-இல் வெளிவந்த படத்தில் பரப்பே இறப்பு வீதத்துக்கு இணையாகுமாறு அமைத்தார். தம் வாதத்துக்கு வலுச் சேர்க்கும் மிகைப்பாட்டையும் அவர் விலக்கினார் என்பது நாம் கருதத் தக்கது.

1857-இல் சிட்னி ஹெர்பர்ட் தலைமையில் படையினரின் உடல்நலம் பற்றிய அரச ஆணையம் அமைந்தது. அதன் பின்னணியில் உழைத்தவர் அம்மையார். படைவீடுகள் சீர்திருத்தப்பட்டன, படைக்கெனப் புள்ளிவிவரப் பிரிவு ஏற்பட்டது, 1860-இல் படை மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1858-இல் இலண்டன் புள்ளியியல் கழகம் அம்மையாரைத் தன் முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்து பெருமை கொண்டது.

வகுக்கும் எண்ணில் எழுந்த வழக்கு

1860-ஆம் ஆண்டு இலண்டனில் அனைத்துலகப் புள்ளியியல் மாநாடு கூடியது. எல்லா மருத்துவமனைகளும் ஒரே வகைப் படிவத்தில், ஒரே நோய்ப் பெயர்ப் பட்டியலின்படி கணக்கெழுத வேண்டும் என்ற அம்மையாரின் திட்டம் அங்கு முன்வைக்கப்பட்டது. ஒரு மருத்துவமனை ஒரு நோய்க்கு ஒரு பெயரும் மற்றொன்று வேறொரு பெயரும் இட்டால் இரண்டின் அட்டவணைகளையும் இணைக்க இயலாதன்றோ? செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியதும் இவ்வாண்டிலேயே.

1863-இல் வெளிவந்த மருத்துவமனைகள் பற்றிய தம் நூலின் மூன்றாம் பதிப்பில், பார் கணித்த ஓர் அட்டவணையை அம்மையார் சேர்த்தார். இலண்டனின் 24 மருத்துவமனைகளில் 1861 ஏப்ரல் 8-ஆம் நாள் இருந்த நோயாளிகள் 4,214 பேர். அவ்வாண்டு முழுவதும் இறந்தவர் 3,828 பேர். ஆகவே இறப்பு நூற்றுக்கு 90.84 என்று அதில் கண்டிருந்தது.

மருத்துவர்கள் கொதித்தெழுந்தனர். ஒரு நாளில் இருந்த நோயாளிகளைக் கொண்டு ஓராண்டின் இறப்பை வகுக்கலாமா என்று கேட்டனர். அவர்கள் கேட்டது நியாயமே. ஒரு படுக்கையில் ஓராண்டில் பலர் வந்து, குணமடைந்து, செல்கின்றனர். இக்கணக்கு ஒரு படுக்கைக்கு ஓராண்டில் நேரும் இறப்பைக் காட்டுமேயன்றி, உள்ளே சென்ற நோயாளி இறக்கும் வாய்ப்பைக் காட்டாது. மேலும், கடுமையான நோயாளிகள் இலண்டனுக்கே மிகுதியாக வருவர். அட்டவணையில் கூட்டலும் வகுத்தலும் சரி. மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் உள்ள உறவே சரியில்லை. பெரியோர் கையிலும் இப்பிழை நேரும் என்பதற்கு இது சான்று. ஆயினும் அவ்வழக்கினால் மருத்துவமனை இறப்பை எவ்வாறு அளப்பது என்ற ஆராய்ச்சி வளர்ந்தது.

இந்தியாவும் அம்மையாரும்

அம்மையார் ஒருநாளும் இந்திய மண்ணை மிதித்ததில்லை. ஆயினும் இந்தியாவின் நலனுக்காகப் பல்லாண்டுகள் உழைத்தார். இந்தியாவில் இருந்த படையின் சுகாதார நிலையை ஆராய 1859-இல் அமைந்த அரச ஆணையத்துக்காக, ஒவ்வொரு படை நிலையத்துக்கும் கேள்வித் தாள்களை அனுப்பச் செய்தார். வந்து குவிந்த விடைகளை ஒழுங்கு செய்தார். ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 வீரர்கள் இங்கே இறந்து வந்தனர் என்பது தெரிந்தது. 1863-இல் அறிக்கை வெளியாயிற்று. அதன் விளைவாக 1864-இல் வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் அமைந்தன.

படைவீரரைப் பற்றித் தொடங்கிய கவலை, மெல்ல இந்நாட்டு எளிய மக்கள்பால் திரும்பியது. குடிநீர், கழிவுநீர், நீர்ப்பாசனம், குடியானவர் படும் கடன் தொல்லை எனப் பலவற்றையும் பற்றி எழுதினார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும் பஞ்சத்தின்போது, அதன் கொடுமையை இங்கிலாந்து மக்களுக்கு எடுத்துரைத்தார். பாசன வாய்க்கால்கள் வேண்டுமென வாதாடினார். நம் முன்னோரின் பசிக்காக எங்கோ ஓர் அறையில் ஒரு பேனா ஓடியது என்பதை நன்றியுடன் நினைக்க வேண்டும்.

இறுதிக் காலம்

கிரிமியாவில் பற்றிய காய்ச்சலால் அம்மையாரின் உடல்நலம் குன்றியது. 1857 முதல் பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலுமாகவே வாழ்ந்தார். மேற்கூறிய பணிகளில் பெரும்பகுதி படுக்கையிலிருந்தே நடந்தது என்பது வியப்புக்குரியது. 1861-இல் ஹெர்பர்ட் மறைந்தார். 1883-இல் பார் மறைந்தார். துணைவர்கள் மறைந்தும் அம்மையார் ஓயவில்லை. 1891-இல், அரசியல் நடத்துவோர் புள்ளியியல் கற்க வேண்டுமெனக் கருதி, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் அதற்கெனப் பேராசிரியர் பதவி ஏற்படுத்த முயன்றார். அம்முயற்சி கைகூடவில்லை. 1907-இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் உயர் விருது, முதன்முதலாக ஒரு பெண்மணியாகிய அவருக்கு வழங்கப்பட்டது.

1910 ஆகஸ்டு 13-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் அவர் இயற்கை எய்தினார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய வந்த அழைப்பை உறவினர் ஏற்கவில்லை. ஹாம்ப்ஷயரில் குடும்பத்தாரின் கல்லறைக்கருகே அடக்கம் செய்யப்பட்டார். கல்லில் முழுப் பெயர்கூட இல்லை; எஃப். என். என்னும் முதலெழுத்துகளும், பிறந்த இறந்த நாள்களுமே உள்ளன.

நாம் கற்க வேண்டியது

இன்று பேரேடுகளின் இடத்தைக் கணிப்பொறி எடுத்துக்கொண்டது. அட்டவணைகளை ஒன்றோடொன்று உறவுபடுத்தும் முறையை எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-இல் வகுத்தளித்தார். ஒரு பொத்தானை அழுத்தினால் பல அட்டவணைகள் இணைந்து, கூட்டுத்தொகையும் விழுக்காடும் வண்ணப் படமும் நொடியில் திரையில் தோன்றுகின்றன. ஆயினும் பழைய நோய்கள் மறையவில்லை. ஒரே ஆள் இரு அட்டவணைகளில் இரு வேறு பெயர்களில் இருந்தால் இருவராக எண்ணப்படுவார். இணைப்பு தவறினால் சிலர் கணக்கிலிருந்தே மறைவர். வகுக்கும் எண் மாறினால் விழுக்காடு பொய் சொல்லும். எந்திரம் இவற்றைத் தானே கண்டுரைக்காது. பிழையான விடையையும் அழகாகவே காட்டும்.

ஆகவே எந்த அறிக்கையைக் கண்டாலும் நாம் அம்மையாரின் கேள்விகளைக் கேட்போமாக. இந்த எண் எந்த ஏட்டிலிருந்து வந்தது? அதில் விடுபட்டவர் யார்? இருமுறை எண்ணப்பட்டவர் யார்? எதனால் வகுத்தார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்? மருத்துவமனையிலும், நியாயவிலைக் கடையிலும், ஊராட்சி அலுவலகத்திலும் நாளை பணியாற்றப் போகிறவர்கள் நாம். அங்குள்ள ஏட்டின் ஒவ்வொரு வரியும் ஓர் உயிர். ஒரு வரி விடுபட்டால் ஒரு குடும்பத்தின் அரிசி விடுபடும். ஒரு நோயாளியின் மருந்து விடுபடும்.

விளக்கொளியில் அம்மையார் கண்டது ஒரு கூடத்து நோயாளிகளை. கணக்கேட்டில் அவர் கண்டது ஒரு நாட்டின் நோயை. அவர் புகழ் ஓங்குக! அவர் காட்டிய வழியில் எண்களைப் பழுதறக் கற்று, எளியோர்க்கு உதவுவோமாக!